இரண்டு நோய்க்கும் ஒரே ஓ.பி. சீட்டு

குடிநோயும் மனநோயும் சேர்ந்த ஒருவரை அழைத்துக்கொண்டு அலையும் குடும்பம் நம் ஊரில் இரண்டு பதில்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. மனநலப் பிரிவில், "முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க, அப்புறம் மாத்திரை ஆரம்பிக்கலாம்." மறுவாழ்வு மையத்தில், "மனநிலை சரியில்லாதவங்களை நாங்க சேர்த்துக்கிறதில்லைங்க, அதைச் சரிபண்ணிட்டு வாங்க." இரண்டையும் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. தங்களுக்குப் பயிற்சி இல்லாத நோயைத் தொட அஞ்சுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த மனிதர் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார். பெரும்பாலும் அன்று மாலையே மதுக்கடைக்கும் போகிறார்.

இந்த இரண்டு நோயும் சேர்ந்து உள்ள பெரியவர்களுக்கு, வார்டில் அடைக்காமல், வீட்டிலிருந்து வந்துபோகிறபடியே சிகிச்சை தர முடியுமா? இது உலகெங்கும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்டிருக்கும் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியும், பெரும்பாலோருக்கு அதுதான் ஏற்ற வழியும்கூட. ஆனால் இரண்டு நோயையும் ஒரே குழு, ஒரே இடத்தில், ஒரே சீட்டில் எழுதிப் பார்க்க வேண்டும். நம்மிடம் இன்று இல்லாதது அந்த ஒரு சீட்டுதான்.

இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம் என்று நினைத்தால் அது தவறு. அமெரிக்காவில் 20,291 பேரைக் கொண்டு நடந்த பெரிய கணக்கெடுப்பின் முடிவுகளை டாரல் ரீஜியரும் அவர் குழுவினரும் 1990-இல் வெளியிட்டார்கள். மதுப் பழக்கக் கோளாறு உள்ளவர்களில் 37 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநோயும் இருந்தது. பிற போதைப்பொருள்களுக்கு ஆட்பட்டவர்களில் அது 53 சதவீதம். மறுபக்கத்திலிருந்து பார்த்தால், மனச்சிதைவு நோயாளிகளில் 47 சதவீதம் பேரும் இருமுனைய நோயாளிகளில் 56 சதவீதம் பேரும் மதுவுக்கோ போதைக்கோ ஆட்பட்டிருந்தார்கள். அதாவது இரண்டில் எந்த ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் மருத்துவரும் நாள்தோறும் மற்ற நோயையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். கேட்கிறாரா என்பதுதான் கேள்வி.

இந்தியக் கணக்கு இன்னும் கவலை தருவது. நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மதுப் பழக்கக் கோளாறு உள்ளவர்களில் 86 சதவீதம் பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்று தெரிந்தது. 2019-இல் சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் தயாரித்த அறிக்கை, குடிப் பிரச்சினைக்கு உதவி தேவைப்படுவோர் நாட்டில் 5.7 கோடிப் பேர் என்றது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே ஏதேனும் சிகிச்சை பெற்றிருந்தார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். எத்தனை மறுவாழ்வு மையங்கள் கட்டினாலும் 5.7 கோடிப் பேருக்குக் கட்டில் போட முடியாது. புறநோயாளிச் சிகிச்சையை இரண்டாந்தரமாக நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டு நோயும் ஏன் சேர்ந்து வருகின்றன? ஹார்வர்டின் எட்வர்ட் கான்ட்சியன் 1985-இல் முன்வைத்த விளக்கம் புகழ்பெற்றது: தாங்க முடியாத மனவலிக்கு மனிதர்கள் தாங்களே மருந்து போட்டுக்கொள்கிறார்கள், அந்த மருந்துதான் போதை. தூக்கம் வராதவர் ஒரு குவாட்டரில் தூங்குகிறார். நாலு பேர் நடுவில் நிற்கவே நடுங்குபவர் ஒரு கட்டிங் போட்டால் கல்யாண வீட்டுக்குப் போய்வருகிறார். இது பலருக்குப் பொருந்துகிறது, எல்லோருக்கும் பொருந்தவில்லை. எதிர்த்திசையிலும் ஓடும்: குடியே மனச்சோர்வை உண்டாக்கும், கஞ்சா மனச்சிதைவின் கதவைத் தட்டும். ஸ்வீடனில் கட்டாய ராணுவப் பணிக்கு வந்த 45,570 இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1987-இல் வெளிவந்தது. பதினெட்டு வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களுக்குப் பின்னாளில் மனச்சிதைவு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு இருந்தது. மூன்றாவதாக, இரண்டுக்கும் பொதுவான வேர்களும் உண்டு. பரம்பரை, சிறுவயதில் பட்ட அடி, வறுமை ஆகியவை எந்த நோய் முந்தியது என்று பார்த்து வருவதில்லை.

நம் குடும்பங்களில் இன்னொரு காரணம் சேர்கிறது. மகனுக்குக் காதில் குரல் கேட்கிறது என்பதைவிட, "குடிச்சுக் குடிச்சு இப்படி ஆயிட்டான்" என்று சொல்வது தாய்க்கு எளிது. குடியை விட்டால் சரியாகிவிடும், பெண் பார்க்கலாம் என்ற நம்பிக்கை அதில் ஒட்டியிருக்கிறது. பெண்களுக்கோ இது தலைகீழ். "நரம்புத் தளர்ச்சி", "பயம்" என்று ஓ.பி.க்கு அழைத்து வருவார்கள். அவள் குடிப்பதையோ, மருந்துக் கடையில் ஆண்டுக்கணக்காக வாங்கி விழுங்கும் அல்பிரசோலத்தையோ யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆணிடம் மனநோய் மறைகிறது, பெண்ணிடம் போதை மறைகிறது. இரண்டு பேரிடமும் இரண்டு கேள்வியையும் கேட்டே தீர வேண்டிய காரணம் இதுதான்.

கேட்பது எளிது, கண்டுபிடிப்பது கடினம். குடித்துக்கொண்டிருப்பவர் அழுகிறார், தூங்கவில்லை, சாகலாம் என்கிறார். இது மனச்சோர்வு நோயா, மதுவின் வேலையா? அமெரிக்காவின் சான் டியாகோவில் சாண்ட்ரா பிரவுனும் மார்க் ஷூக்கிட்டும் 1988-இல் வெளியிட்ட ஆய்வை இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். குடிநோய்க்காகச் சேர்ந்த 191 ஆண்களில் 42 சதவீதம் பேருக்கு ஆரம்பத்தில் கடுமையான சோர்வு இருந்தது. குடிக்காமல் நான்காம் வாரம் வந்தபோது அது 6 சதவீதமாகக் குறைந்தது, அதற்கென்று மருந்து எதுவும் தராமலேயே. நாலு வாரம் பொறுத்துப் பாருங்கள் என்ற விதி இங்கிருந்து வலுப்பெற்றது.

விதி நல்லது. அது கையாளப்படும் விதம்தான் ஆபத்து. நாலு வாரம் குடிக்காமல் இருக்க முடிந்தவருக்கு மருத்துவர் எதற்கு? வெளியில் குடித்துக்கொண்டே காத்திருப்பவரை விதி மறந்துவிடுகிறது. தற்கொலை எண்ணம் உள்ளவரிடம் நாலு வாரம் பொறு என்று சொல்லவே கூடாது. 2022-இல் தற்கொலை எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்து 19,834 மரணங்களோடு தமிழ்நாடு நின்றது என்பதை மறந்து இந்த விதியைப் பேச முடியாது. தேர்ந்த மருத்துவர் நாட்காட்டியோடு கதையையும் பார்க்கிறார். குடி தொடங்கும் முன்பே சோர்வு இருந்ததா? வெளிநாட்டு வேலைக்குப் போய்க் குடிக்காமல் இருந்த ஆண்டுகளில் எப்படி இருந்தார்? கூடப் பிறந்தவர்களில் யாருக்கேனும் உண்டா? சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் குடியைத் தொடாத நாட்களில் மனம் எப்படி இருந்தது என்ற கேள்வி ஒன்று போதும், பல நேரம் நோய் பிடிபட்டுவிடும். அந்த நாட்களிலும் குரல் கேட்டிருந்தால், அந்த நாட்களிலும் விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து அழுதிருந்தால், மதுவை மட்டும் குற்றம் சொல்ல இயலாது.

மாலையைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளாகத் தினமும் காலையிலேயே தொடங்குபவர், மாலை போட்டோ கோயிலில் கயிறு கட்டியோ திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் உடல் நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி ஊர்வதைப் பார்த்து, இடம் பொருள் தெரியாமல் உளறும் நிலை வரலாம். இது உயிரைப் பறிக்கும் மருத்துவ அவசரம். இதைச் "சாமி வந்திருக்கு" என்றும் "பேய் பிடிச்சிருக்கு" என்றும் எடுத்துக்கொண்டு நேரத்தை வீணாக்கிய குடும்பங்கள் உண்டு. விரதத்தின் மன உறுதி நல்லது. மருத்துவர் தரும் ஒரு வாரத்துக்கான மாத்திரையோடு அந்த உறுதியை எடுத்துக்கொண்டால் ஆபத்து பெரிதும் குறையும்.

அந்த ஒரு வாரத்தை வீட்டிலேயே கடக்க முடியுமா? மோட்டோய் ஹயாஷிடாவும் குழுவினரும் பிலடெல்பியாவில் நடத்தி 1989-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியான பதில். குடியை நிறுத்தும்போது வரும் விலகல் அறிகுறிகள் மிதமாக உள்ள, வசதி குறைந்த 164 முன்னாள் படைவீரர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். வார்டில் சேர்ந்தவர்களில் 95 சதவீதம் பேர் அந்தக் கட்டத்தை முடித்தார்கள், வந்துபோனவர்களில் 72 சதவீதம். ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. வார்டுச் செலவோ ஏறத்தாழ ஒன்பது முதல் இருபது மடங்கு வரை இருந்தது. வந்துபோகும் முறையில் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் பார்த்து, குளோர்டயசிபாக்சைடு போன்ற மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோரசிபாம் தருகிறார்கள். தயமின் என்னும் பி1 வைட்டமின் தவறாமல் வேண்டும். உடல் மெலிந்த குடிநோயாளிக்கு அது தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படக்கூடும்.

முன்பு வலிப்போ மேலே சொன்ன உளறலோ வந்தவர், தற்கொலைத் திட்டம் வைத்திருப்பவர், குரல்களின் கட்டளைக்குக் கீழ்ப்படிபவர், கர்ப்பிணி, கல்லீரல் மிக மோசமானவர், வீட்டில் கூட இருக்க ஒருவரும் இல்லாதவர் ஆகியோர் வார்டில்தான் தொடங்க வேண்டும். இவர்களைப் புறநோயாளியாக நிறுத்துவது சிக்கனம் ஆகாது, அலட்சியம்.

இனி மையமான விஷயம். அமெரிக்காவில் மனநல மருத்துவமனைகள் மூடப்பட்டு நோயாளிகள் ஊருக்குள் வந்தபின், அவர்களில் பலர் மதுவிலும் கோக்கைனிலும் விழுந்தது 1980களில் தெரியவந்தது. முதலில் ஒன்றைக் குணப்படுத்தி அப்புறம் மற்றதைப் பார்ப்பது தோற்றது. இரண்டு இடங்களுக்கும் தனித்தனியே அனுப்பிப் பார்த்தார்கள். இரண்டு மருத்துவர்களும் ஒருவரோடொருவர் பேசாததால் அதுவும் தோற்றது. நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக் என்ற மனநல மருத்துவரும் நண்பர்களும் இரண்டையும் ஒரே குழுவிடம் ஒப்படைத்தார்கள். குடியை நிறுத்தாவிட்டாலும் மனநோய் மருந்து நிற்காது. மருந்தை நிறுத்திவிட்டாலும் வீட்டுக்கு வரும் பணியாளர் நிற்க மாட்டார். மனச்சிதைவும் போதையும் சேர்ந்த 130 பேரைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்து 2006-இல் முடிவு எழுதினார்கள். ஏறத்தாழ 63 சதவீதம் பேர் நோய்க்குறிகளைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். கிட்டத்தட்ட அதே அளவினர் போதையிலிருந்து விலகும் பாதையில் இருந்தார்கள். 41 சதவீதம் பேர் மற்றவர்களைப் போல வெளிச்சந்தையில் கிடைத்த வேலையில் இருந்தார்கள். மனச்சிதைவும் போதையும் சேர்ந்தால் ஆளைக் கைவிட வேண்டியதுதான் என்று நினைத்திருந்த காலத்தில் இது பெரிய செய்தி. அந்தப் பலன் மாதங்களில் வரவில்லை, ஆண்டுகளில் வந்தது என்பதும் அதே அளவு முக்கியம்.

இதற்கு எதிரான சான்றையும் மறைக்கக் கூடாது. காக்ரேன் அமைப்பு 2019-இல் கடும் மனநோயும் போதையும் சேர்ந்தவர்களுக்கான உளவியல் சிகிச்சைகள் குறித்த 41 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. எந்த ஒரு முறையும் வழக்கமான சிகிச்சையைவிடத் தெளிவாகச் சிறந்தது என்று நிறுவ முடியவில்லை என்றது. பலர் இதை "எதுவும் வேலை செய்யாது" என்று படிக்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. சிறிய ஆய்வுகள், பாதியில் நின்றுவிடும் நோயாளிகள், ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவுகோல்கள். இதற்குள் எந்த முறையின் பெயர் ஜெயித்தது என்று தேடுவதில் பயனில்லை. ஒப்பிடப்பட்ட சாதாரணச் சிகிச்சையிலும் மனிதர்கள் முன்னேறினார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். நம் ஊரில் அந்தச் சாதாரணச் சிகிச்சையே பலருக்குக் கிடைப்பதில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதன் பலனை மருந்து ஆய்வுகளில் இன்னும் தெளிவாகக் காணலாம். ஹெலன் பெட்டினாட்டியின் 2010 ஆய்வில் மனச்சோர்வும் மதுவடிமையும் உள்ள 170 பேர் பதினான்கு வாரம் சிகிச்சை பெற்றார்கள். சோர்வுக்கான செர்ட்ரலினும் குடி வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோனும் சேர்த்துப் பெற்றவர்களில் 53.7 சதவீதம் பேர் முற்றிலும் குடிக்காமல் இருந்தார்கள். ஏதாவது ஒன்றை மட்டும் பெற்றவர்களிலும் வெற்று மாத்திரை பெற்றவர்களிலும் அது 21 முதல் 28 சதவீதத்துக்குள் நின்றது. இருமுனைய நோயோடு குடியும் உள்ளவர்களுக்கு லித்தியத்தோடு வால்ப்ரோயேட்டைச் சேர்த்தபோது அதிகக் குடி குறைந்ததை இஹ்சான் சலூம் 2005-இல் காட்டினார், அது சிறிய ஆய்வுதான் என்றாலும்.

ஒரே மருத்துவர் ஏன் வேண்டும் என்பதற்கு மருந்துகளின் உறவே சாட்சி. லித்தியம் எடுப்பவர் குடித்து, வாந்தி எடுத்து, உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் நஞ்சாகும் அளவுக்கு ஏறலாம். மனச்சிதைவுக்கான குளோசபின் எடுப்பவர் பீடி, சிகரெட்டை ஒரேயடியாக விட்டால் அந்த மருந்தின் அளவு ரத்தத்தில் கூடும், ஏனெனில் புகையிலை புகையே அதைக் கல்லீரலில் விரைந்து கரைத்துக்கொண்டிருந்தது. நல்ல காரியம் செய்தவர் மயங்கி விழலாம். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிப் பழகிய இளைஞருக்கு புப்ரெனார்பின் தருகிறோம். தூக்கத்துக்கு என்று இன்னொரு மருத்துவர் அல்பிரசோலம் எழுதித் தந்தால் இரண்டும் சேர்ந்து மூச்சை அடக்கக்கூடும். நால்ட்ரெக்சோனுக்குக் கல்லீரலைப் பார்க்க வேண்டும், குடி வேட்கைக்கான இன்னொரு மருந்தான அகாம்ப்ரோசேட்டுக்குச் சிறுநீரகத்தை. இரண்டு மருத்துவமனை, இரண்டு கோப்பு என்று இருந்தால் இவற்றை யார் கவனிப்பது?

டைசல்பிராமைப் பற்றித் தனியே பேச வேண்டும். இந்த மாத்திரை எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். தெரிந்து, ஒப்புக்கொண்டு, மனைவியோ அம்மாவோ பார்க்க விழுங்கும் நோயாளிக்கு இது நல்ல துணை. ஆனால் "அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலந்து கொடுங்க" என்று கைமாறும் மாத்திரைகளும் பொடிகளும் நம் ஊரில் ஏராளம். விளம்பரமே செய்கிறார்கள். அறியாமல் உண்டவர் அன்றிரவு வழக்கம்போல் குடிக்கிறார், இதய நோய் இருந்தால் செத்தே போகலாம். மனச்சிதைவு உள்ளவருக்கு டைசல்பிராமே மனநோயைக் கிளறக்கூடியது. எல்லாவற்றுக்கும் மேலாக, "என் சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள்" என்று ஏற்கெனவே சந்தேகப்படும் மனிதருக்கு அந்தச் சந்தேகத்தை நாமே உண்மையாக்கிவிடுகிறோம். அதன்பின் அவர் எந்த மருந்தையும் எவர் கையிலிருந்தும் வாங்க மாட்டார். இதைக் குடும்பங்கள் அன்பினாலும் ஆற்றாமையாலும் செய்கின்றன என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் செய்ய வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

சந்தேகம் என்றதும் இன்னொன்று. நாட்பட்ட குடியில் மனைவியின் நடத்தைமேல் நோயாகவே முற்றும் சந்தேகம் உண்டு. கைபேசியைத் துழாவுவது, வேலை செய்யும் இடத்துக்குப் பின்தொடர்வது, வாசலில் யார் நின்றது என்று இரவெல்லாம் விசாரிப்பது. இதைக் குடிகாரப் பேச்சு என்று ஒதுக்கிவிடக் கூடாது. மருந்து தேவைப்படும் மனநோய் இது, கொலையில் முடிந்த வரலாறும் இதற்கு உண்டு. இப்படிப்பட்டவரைப் புறநோயாளியாகப் பார்க்கும் மருத்துவர், மனைவியைத் தனியே உட்காரவைத்து, "வீட்ல உங்களுக்குப் பாதுகாப்பு இருக்காம்மா?" என்று கேட்க வேண்டும். இல்லை என்றால் அவளுக்கு வேறு இடமும் பெண்களுக்கான 181 உதவி எண்ணும் முதலில், மற்றதெல்லாம் பிறகு.

பேச்சுச் சிகிச்சையில் நமக்கு நம்பிக்கை தரும் சான்றுகள் உண்டு. லண்டனில் கிரிபித் எட்வர்ட்ஸும் ஜிம் ஆர்போர்டும் 1977-இல் வெளியிட்ட ஆய்வில் குடிநோயுள்ள 100 திருமணமான ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு மனைவியோடு உட்காரவைத்து ஒரே ஒரு நீண்ட ஆலோசனை, மற்றவர்களுக்கு மாதக்கணக்கில் முழுச் சிகிச்சை. ஓராண்டு கழித்து வித்தியாசம் இல்லை. கோவாவில் சங்காத் அமைப்பினர் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தீங்கு தரும் அளவில் குடிக்கும் 377 ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேரோடு அதிகபட்சம் நான்கு அமர்வுகள் பேசவைத்தார்கள். 2017-இல் வெளியான முடிவு: அப்படிப் பேசப்பட்டவர்களில் 36 சதவீதம் பேர் அபாய நிலையிலிருந்து விலகினார்கள், வழக்கமான கவனிப்பில் 26. முழு அடிமைகள் அந்த ஆய்வில் இல்லை. ஆகவே எல்லோருக்கும் இது போதும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நோய் முற்றுமுன் பிடிக்க மனநல மருத்துவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று இது காட்டுகிறது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழகத்தில் சிறிய ஊர்களிலும் நடக்கின்றன, கட்டணம் இல்லை. அவற்றால் மீண்டவர்கள் ஏராளம். அங்கே சில மூத்த உறுப்பினர்கள், "மாத்திரையும் ஒரு போதைதான், அதையும் விடு" என்று அன்போடு சொல்லிவிடுகிறார்கள். இருமுனைய நோயாளி அதைக் கேட்டு லித்தியத்தை நிறுத்தினால் சில வாரங்களிலேயே நோய் திரும்பக்கூடும். அந்த அமைப்பின் சொந்த வெளியீடே, உறுப்பினர் எவரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்கிறது. கூட்டத்துக்குப் போகிறவர்கள் இதை அறிந்து போக வேண்டும்.

நம் மண்ணில் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடியை ஒழுக்கக்கேடாக மட்டும் பார்த்த காலத்தில் அதை நோயாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது. 1989 முதல் மஞ்சக்குடி கிராமத்தில் நடத்திய முகாம்களில், ஆட்களை நகரத்துக்கு இழுக்காமல் ஊரிலேயே சிகிச்சை தந்து, பிறகும் தேடிப்போய்த் தொடர்ந்து கவனித்தார்கள். ஏர்வாடி தர்காவில் தொழுகையோடு மாத்திரையும் கிடைக்கும்படி மனநல மருத்துவர்களை அரசு அனுப்பியதும் இதே வழிதான்: மக்கள் போகும் இடத்துக்கு மருந்து போவது.

அப்படியிருந்தும் ஏன் இந்த அலைச்சல்? நிர்வாகம் தொடக்கத்திலிருந்தே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் போதை மறுவாழ்வு மையங்களுக்கு மானியம் தருவது மத்திய சமூகநீதி அமைச்சகம். மாவட்ட மனநலத் திட்டத்தை நடத்துவது சுகாதாரத் துறை. பயிற்சி வேறு, பதிவேடு வேறு, ஆய்வு செய்ய வரும் அதிகாரி வேறு. சட்டம் மட்டும் ஒன்றாகிவிட்டது. 2017-இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருளோடு சேர்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. குடிநோயாளிக்கும் அரசுச் சிகிச்சை உரிமை, சங்கிலி போடத் தடை, தன் சிகிச்சையை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமை எல்லாம் உண்டு. ஆனால் நள்ளிரவில் ஆட்களை அனுப்பிக் கையைக் கட்டித் தூக்கிப்போய், மாதக்கணக்கில் அடைத்துவைத்து, அடித்து "திருத்தும்" தனியார் மையங்கள் இன்னும் இயங்குகின்றன. மனநோயும் உள்ளவர் அங்கே சிக்கினால் மருந்து நின்றுபோகும், அடி மட்டும் மிஞ்சும். வெளியே வந்தபின் "சிகிச்சை" என்ற சொல்லைக் கேட்டாலே ஓடுவார். புறநோயாளிச் சிகிச்சை அருகில் இல்லாத இடத்தில்தான் இந்த வியாபாரம் செழிக்கிறது.

2025 பிப்ரவரியில் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. பொது மருத்துவமனைக்குள், மனநல மருத்துவரின் பொறுப்பில் போதைச் சிகிச்சை வருவது சரியான திசை. ஆனால் கட்டில்களின் எண்ணிக்கையை வைத்து இவற்றை அளக்கத் தொடங்கினால் பழைய பிழையே திரும்பும். ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள் என்பதே அளவுகோலாக வேண்டும்.

தொடர்ந்து வருவது எவ்வளவு கடினம் என்பதை ஓ.பி. வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள். காலை எட்டு மணிக்குச் சீட்டு, பதினொன்றுக்கு மருத்துவர், ஐந்து நிமிடம், அப்புறம் மருந்து வரிசை. கட்டட வேலைக்குப் போகிறவருக்கு ஒருநாள் கூலி போயிற்று. வாரம் ஒருமுறை வா என்றால் மூன்றாவது வாரம் நின்றுவிடுவார். அதற்குப் பெயர் "ஒத்துழைக்காத நோயாளி". மாலை நேர ஓ.பி. வாரத்தில் ஒருநாளாவது வேண்டும். வராதவரை ஒரு தொலைபேசி அழைப்பு தேட வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. நால்ட்ரெக்சோனையும் மனநோய்க்கான ரிஸ்பெரிடோனையும் அதே பையில் ஏன் வைக்கக் கூடாது? மறுபடி குடித்துவிட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பும் பழக்கமும் ஒழிய வேண்டும். சர்க்கரை ஏறியவரை எந்த மருத்துவரும் "இனிப்பை விட்டுட்டு வா" என்று வாசலில் நிறுத்துவதில்லை.

அரசிடம் கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டத்தின் ஒவ்வோர் ஓ.பி.யிலும் குடி, புகையிலை, மாத்திரைப் பழக்கம் பற்றிய கேள்விகள் சீட்டிலேயே அச்சாக வேண்டும். ஒவ்வொரு மறுவாழ்வு மையத்துக்கும் மனநல மருத்துவர் வாரம் ஒருநாள் போக வேண்டும். குடி வேட்கையைக் குறைக்கும் மருந்துகள் தாலுகா மருத்துவமனை வரை இருக்க வேண்டும். இரண்டில் ஒரு நோயைக் காரணம் காட்டி மற்ற நோய்க்கான சிகிச்சையை மறுப்பது விதிமீறல் என்று எழுத்தில் ஆணை வேண்டும். இவற்றுக்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், மருத்துவரிடம் இரண்டையும் சொல்லுங்கள். குடியை மறைக்காதீர்கள், குரலையும் மறைக்காதீர்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். "நிறுத்திட்டு வாங்க" என்று சொன்னால், "நிறுத்த முடியாததாலதான் சார் வந்திருக்கோம், ரெண்டுக்கும் சேர்த்து எழுதுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை. எங்கே போவது என்று தெரியாதவர்கள், தற்கொலை எண்ணத்தால் தவிப்பவர்கள், டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446.